பேசாதே என்றார் டாக்டர்

அத்தியாயம் பதினொன்று

வாய்க்குப் பதிலாக ஆட்டிக் கூப்பிட மைக் வைத்திருந்த கைமணியை நாத்தனார் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாளே, அங்கேதான் போன வாரம் விட்டோம். மணி இன்னும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. சாவி நாத்தனாரின் கைப்பையில் இருக்கிறது. "அவள் ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை, அப்படி என்ன பொறுமை?" என்று கோபித்துக்கொண்ட வாசகிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பொறுமையும் இல்லை, மண்ணும் இல்லை. அவள் வாயைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக் என்பது பட்டப்பெயர். பெரிய பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை அவளுக்கு. அந்தக் குரலை நம்பி ஓடிப்போய் வண்டி பிடித்தவர்கள் எக்கச்சக்கம். சில மாதங்களாகக் குரல் கரகரத்தது, பிறகு கம்மியது. கடைசியில் ஒரு நாள் "பயணிகளின்" என்று ஆரம்பித்தவளுக்கு "கவனத்திற்கு" வரவில்லை. குரல்வளைக்குள் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. உள்ளே புண் ஆறுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிட மோசம். கனைக்கக்கூடக் கூடாது. மீறினால் தழும்பு விழுந்துவிடும், பழைய குரல் திரும்பாது.

மறுபரிசோதனை நாளைக் காலை. இந்த ஒரு பகலை மட்டும் ஓட்டிவிட்டால் போதும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்!

அது கத்துகிற வீடு. மாமனார் நெசவு மில்லில் வேலை பார்த்தவர். ஒரு ஷெட் முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் தடதடக்கிற இடம் அது. ஓய்வு பெற்றபோது காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். மகன் கத்துவான், "ஆங்?" என்பார். மகள் கத்துவாள், "ஆங்?" என்பார். மருமகள் ஒருத்தி மட்டும் எதிரில் போய் நின்று, நிறுத்தி நிதானமாக, அடிவயிற்றிலிருந்து உரக்கச் சொன்னால் சரியாகப் பதில் வரும். ஆகவே குளிக்கக் கூப்பிட, சாப்பிடக் கூப்பிட, மாத்திரை கொடுக்க, டிவியில் என்ன சொன்னான் என்று விளக்க, எல்லாவற்றுக்கும் அவள்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் அவளிடம் ஒன்று கேட்டார். "வேலையில உங்களுக்கு மைக் இருக்கு. மைக்ல பேசறவங்க கத்த வேண்டிய அவசியமே இல்லையேம்மா. நீங்க எங்கதான் கத்துறீங்க?"

"வீட்ல" என்றாள் அவள், அப்போதிருந்த கம்மல் குரலில்.

இனி இன்றைய கூத்துக்கு வருவோம்.

காலையில் மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தான். மெக்கானிக் என்றால் அவளுடைய கணவன். ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருக்கிறான். மேஜை விசிறிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் பெரிய துண்டை நனைத்துத் தொங்கவிட்டான். துண்டின் நுனி முங்கும்படி கீழே ஒரு வாளியில் தண்ணீர் வைத்தான். விசிறியைச் சின்ன வேகத்தில் விட்டான்.

"ஏசி போட்டா காத்து காஞ்சு போயிடும். காத்து காஞ்சா தொண்டையும் காயும். இது ஈரமா வரும் பாரு" என்றான்.

ஈரமாகத்தான் வந்தது. தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள் அவள். கைக்கெட்டுகிற தூரத்தில் ஃபிளாஸ்கில் வெந்நீர், கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி. ஒரு வாய் வெந்நீரை மெல்ல விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினாள். ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் உடம்பு கொஞ்சம் இளகிக் கொடுத்தது. நன்றியோடு அவனுடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

அதோடு கடைக்குக் கிளம்பியிருக்கலாம் அந்த மகானுபாவன்.

"அக்கா அப்பாவுக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கா. புது மிஷின் மாட்டிப் பாக்கப் போறாங்க. உனக்குத்தான் தெரியுமே, அவரு லேசுல கிளம்ப மாட்டாரு. நீ மட்டும் ஒரே ஒரு வார்த்தை..."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, சரி, முறைக்காதே. முடிஞ்சா சொல்லு."

முடிந்தால் சொல்ல வேண்டுமாம்! காலில் கட்டுப் போட்டுக் கிடக்கிறவனிடம், முடிந்தால் தெருமுனை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வா என்று யாராவது சொல்வார்களா? தொண்டைக்குள் இருக்கிற புண் வெளியே தெரியவில்லை, அதுதான் இவ்வளவு இளக்காரம்.

அவன் போனபிறகு ஆவி பிடிக்க உட்கார்ந்தாள். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த நேரம். அகலமான பாத்திரத்தில் கொதித்த தண்ணீர், தலைக்கு மேல் கனமான போர்வை. உள்ளே இருட்டும் சூடும் மட்டும்தான். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். உள்ளே இருக்கிற வரைக்கும் எவருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, எவருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. மூன்றாவது மூச்சிலோ நாலாவது மூச்சிலோ போர்வை சடக்கென்று தூக்கப்பட்டது.

"சர்க்கரை டப்பா எங்க?" என்றாள் நாத்தனார்.

கணவனின் அக்கா இவள். சொந்தமாக அழகு நிலையம் நடத்துகிறாள். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் ஒரு பெட்டியோடு உதவிக்கு வந்து இறங்கியவள். வந்ததிலிருந்து நாத்தனார் உதவுவதும் மைக் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று நினைப்பதும் ஒன்றாக நடந்துகொண்டிருக்கிறது.

மைக் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மேல் தட்டா, கீழ்த் தட்டா?"

இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டா? ரெண்டு டப்பா இருக்கா? எனக்கு ஒண்ணு போதும்."

இரண்டாவது தட்டு என்று கையால் படி வைத்துக் காட்டுவதற்குள் ஆவியெல்லாம் கூரைக்குப் போய்விட்டது. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று முனகிக்கொண்டே நாத்தனார் நகர்ந்தாள். தூக்கிய போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டாவது போனாளா? அதுவும் இல்லை.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. தேநீர்க் கோப்பையோடு நாத்தனார் கூடத்தில் அமர்ந்து, தன் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்குப் போன் போட்டாள். மைக் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துடுறேன்டி, எங்க விடுறாங்க? தொண்டையில ஒரு கட்டி, அதுக்கு இந்த அலப்பறை. உலகத்துல யாருக்கும் வராத வியாதி மாதிரி. எந்நேரமும் தலகாணி, வெந்நீர், ஆவி. என் தம்பி தாங்குதாங்குன்னு தாங்குறான். நல்லா சொகுசு கண்டுக்கிட்டா. ஆமா ஆமா, இனிமே வேலைக்கெல்லாம் எங்க போகப்போறா..."

பேசக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? காது கேட்காது என்றா சொன்னார்? ஒருத்தி வாயை மூடிக்கொண்டதும் அவளை மேஜை நாற்காலி கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மைக்கிற்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எழுந்து போய்த் தன்னுடைய வெந்நீர் டம்ளரை அந்தப் போன்மேல் கவிழ்த்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். வெந்நீர் வீணாகுமே என்று விட்டாள். ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்தியது. வேலைக்கு எங்கே போகப்போகிறாளா? யார் சொன்னது?

ஆட்டோ வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

மாமனார் கூடத்தின் நடுவில் தம்முடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏசி மாட்டப் போன இடத்தில், கழித்துப் போட்டிருந்ததை மகன் கேட்டு வாங்கி வந்த நாற்காலி. சக்கரம் வைத்தது. ஒரு விரலால் தள்ளினால் முழுச் சுற்றுச் சுற்றும். அதில் உட்கார்ந்து வாசல், சமையலறை, படுக்கையறை என்று மாற்றி மாற்றித் திரும்பிக்கொண்டே இருப்பது அவருடைய பொழுதுபோக்கு.

"அப்பா, கிளம்புங்க!" நாத்தனார் செருப்பைத் தேடிக் குனிந்துகொண்டே கத்தினாள்.

"ஆங்?"

"ஆட்டோ வந்துடுச்சு!" இது சமையலறையிலிருந்து.

"ஆங்?"

"காது டாக்டர்! மிஷின்!" இது கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டு.

"எனக்கு ஒண்ணும் விளங்கலை. மருமக சொல்லட்டும்" என்றார் மாமனார். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் மைக்கிடம் வந்தாள். "கேட்டியா? நீ சொன்னாத்தான் அசைவாராம். 'கிளம்புங்க மாமா', ரெண்டே வார்த்தை. ரெண்டு வார்த்தையில உன் தொண்டை ஒண்ணும் அறுந்து விழுந்துடாது."

மைக் தலையை ஆட்டினாள். முடியாது.

"சரி, கத்த வேணாம். காதுகிட்டப் போய் ரகசியமா சொல்லு. ரகசியம் பேசுனா தப்பில்லை."

முடியாது.

"அந்த மனுஷன் நல்லாக் கேட்டா உனக்குத்தானே லாபம்? உனக்காகத்தானே நான் அலையுறேன்? இவ்வளவு பிடிவாதம் ஆகாதும்மா. உடம்பு சரியில்லாதவங்க இதவிட நல்லவங்களா இருக்கறதைப் பாத்திருக்கேன் நான்!"

மைக் ஃபிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினாள். நாத்தனாரின் கழுத்தை நினைத்துக்கொண்டு திருகினாள் என்று நான் எழுதினால் யாரும் கோபிக்க வேண்டாம்.

"நீயும் உன் தொண்டையும்!" என்று நாத்தனார் வெளியே போனாள். ஆட்டோக்காரரிடம் காத்திருக்கச் சொல்லி, அவர் முடியாது என்று சொல்ல, அங்கே ஒரு கச்சேரி ஆரம்பமானது. நடுவில் தம்பிக்குப் போன் போட்டு, உடனே வா, உன் பெண்டாட்டி மதிக்கவே மாட்டேங்கிறா என்று கூப்பிட்டதும் உள்ளே கேட்டது.

கூடத்தில் அவளும் மாமனாரும் மட்டும்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை வருஷத்துக் கத்தல்! வேலை முடிந்து தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் "ஆங்? என்ன சொல்றான் டிவியில?" என்று ஆரம்பிப்பாரே! எழுந்து போய் எதிரில் நின்றாள். குரல் இல்லாமல், காற்றுகூட வெளியே போகாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கொட்டித் தீர்த்தாள். செவிட்டு மனுஷர்தானே, என்ன தெரியப்போகிறது என்கிற தைரியம்.

உங்களுக்குக் கத்திக் கத்தித்தான் என் தொண்டை புண்ணாச்சு. இன்னிக்கும் நான்தான் கத்தணுமா? நீங்கள்லாம் மனுஷங்களா? எழுந்திருச்சுப் போய்த் தொலைங்க, கிழட்டு மனுஷா!

மாமனாரின் முகம் சுருங்கியது. மூக்கு விடைத்தது.

"யாரைக் கிழட்டு மனுஷன்கிறே?" என்றார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தார். அவள் நாற்காலியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடியும் உதட்டை அசைத்தாள், இந்தத் தடவை நிதானமாக.

நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?

அவர் மூக்கைச் சொறிந்தார்.

மாமா. என்னைப் பாருங்க. புரிஞ்சுதா?

"மில்லுல யாருக்குத்தான் காது கேட்டுச்சு?" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "தறி ஓடும்போது ஒருத்தன் வாயை ஒருத்தன் பாத்துத்தான் பேசிக்குவோம். எல்லாருக்கும் பழக்கம்தான். அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை."

அப்ப நான் கத்துனது?

"சத்தம் எனக்கு வந்ததே இல்லம்மா. உன் முகம்தான் வேணும். நீ ஒருத்திதான் எதிர்ல வந்து நின்னு பேசுவே. மத்ததுங்க முதுகைக் காட்டிக்கிட்டு, குனிஞ்சுக்கிட்டு, சமையக்கட்டுல நின்னுக்கிட்டு. எனக்கு எப்படி விளங்கும்?"

ஏன் சொல்லலை? இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "சொன்னா நீயும் போற போக்குல வாயை அசைச்சுட்டுப் போயிடுவே. இப்ப வேலையெல்லாம் விட்டுட்டு வந்து எதிர்ல நிக்கிறே. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஒரு ஆளு என் முகத்தைப் பாத்துப் பேசுது. அது போயிடுமேன்னு..."

இதைக் கேட்டு அவள் கண் கலங்கினாள், மாமனாரின் காலடியில் உட்கார்ந்தாள் என்று எதிர்பார்த்தீர்களானால் மன்னிக்கவும். அவளுக்கு இரத்தம் கொதித்தது. பாவம் தனிமை என்று பரிதாபப்படுகிற நிலையிலா இருந்தாள் அவள்? ஆபரேஷன் மேஜையில் தொண்டைக்குள் குழாயை விட்டார்களே, அந்த வலி யாருடையது? நாளைக்குக் குரல் வராவிட்டால் ஒலிபெருக்கி அறையை விட்டுப் பார்சல் கவுண்டரில் போய் உட்கார வேண்டுமே, அது யாருக்கு? இந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "கத்தாதேம்மா, சும்மா வாயை அசைச்சா போதும்" என்று சொல்லியிருந்தால் கட்டியே வந்திருக்காது. அவள் கத்துவதை எதிரில் உட்கார்ந்து நன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. "ஏன்" என்கிற அந்த ஒரு வார்த்தை நாக்கின் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. கழுத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாளைக் காலை வரைக்கும். நாளைக் காலை வரைக்கும். ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஒரு வாய் விழுங்கினாள். கோபத்தோடு சேர்ந்து அதுவும் உள்ளே போயிற்று.

பிறகு அவள் செய்த காரியம்தான் அபாரம். ஒரே ஒரு விரலால் சுழல் நாற்காலியைத் தள்ளிச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். பின்னால் நின்று அதன் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்றே? திருப்பு."

பிடியை விடவில்லை.

"அம்மாடி, சுவர்ல என்ன இருக்கு? திருப்பும்மா. நீ ஏதாவது சொல்றியா? எனக்குத் தெரியலையே." கழுத்தை வளைத்துப் பார்த்தார், எட்டவில்லை. குரல் நடுங்க ஆரம்பித்தது. "திட்டுறதா இருந்தா முகத்துக்கு நேரா திட்டு. இப்படி விடாதே."

அவளுக்கு இரக்கம் வந்தது. வந்ததை அப்படியே தள்ளி வைத்தாள். இந்த வீட்டில் இத்தனை நாளாக அவளுடைய முகத்தையும் எல்லோரும் சுவர்ப் பக்கம் திருப்பித்தானே வைத்திருந்தார்கள்?

"சரி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ" என்றார் மாமனார், சுவரிடம். "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். என் பையன் காரியம். நேத்து உன் போன் அடிச்சுது. நீ உள்ள படுத்திருந்தே. அவன்தான் எடுத்துப் பேசினான். உங்க ஆபீஸ் மேலாளரு போல. நான் இங்க உக்காந்து அவன் வாயைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியது.

என்ன சொன்னாரு?

"'அவளுக்கே இஷ்டம் இல்லை சார். ரெஸ்ட் எடுக்கட்டும். பார்சல் கவுண்டரே போதும். நாளன்னைக்கே அந்தப் புதுப்பொண்ணை உக்காத்திடுங்க.' இதான் சொன்னான். அவங்க அக்காவும் பக்கத்துல நின்னா. 'நல்ல முடிவு'ன்னா."

நேற்றைக்கு நாளன்னைக்கு என்றால் நாளைக்கு. டாக்டர் அவளுடைய தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்க்கிற அதே காலையில், அவளுடைய நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து "பயணிகளின் கவனத்திற்கு" என்பாள். அவளுக்கே இஷ்டம் இல்லையாமே! அவளால் பேச முடியாத சமயம் பார்த்து அவளுக்காக அவனே பேசிவிட்டானாமே! அந்த ஈரத் துண்டு, அந்த வாளித் தண்ணீர், தொண்டை காயக்கூடாது என்கிற அந்த அக்கறை எல்லாம் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்லவனாகவே இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறான்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மெக்கானிக் முன்னாலும் நாத்தனார் பின்னாலுமாக உள்ளே வந்தார்கள்.

"பாருடா, இன்னும் அப்படியே உக்காந்திருக்காரு. ஆட்டோ போயிடுச்சு. இவ ஒரு வார்த்தை சொன்னாளான்னு கேளு" என்றாள் நாத்தனார்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தைதானே..." என்று ஆரம்பித்தான் மெக்கானிக்.

மைக் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். மாமனாரின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து உதட்டை அசைத்தாள்.

நான் சொல்றதை அப்படியே சத்தமா சொல்லுங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது.

மாமனார் எச்சில் விழுங்கினார். செவிடர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"'மாமாவுக்குக் காது கேட்காது. ஆனா உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவாரு'" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இதையுமா சொல்லணும்?"

அவள் தலையசைத்தாள்.

"'எல்லாம் புரிஞ்சும் என்னைக் கத்த விட்டாரு. நான் கத்தவே வேண்டியதில்லை. என் தொண்டை போனதுக்கு அவருதான் காரணம்.'" அவருடைய காது மடல் சிவந்தது. "'அவரு ஒரு கல்நெஞ்சக்கார...' இதை விட்டுடலாமேம்மா."

விடக்கூடாது.

"'கல்நெஞ்சக்காரக் கிழவர்.'"

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா! அப்ப நாங்க பேசுறதெல்லாம்..."

"நீ போன்ல பேசுறது, கண்ணாடி முன்னாடி நின்னு பேசுறது, எல்லாம்" என்றார் மாமனார். இதை அவர் தம்முடைய சொந்தப் பொறுப்பில் சொன்னார். நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைக் அவர் தோளைத் தட்டினாள். மாமனார் அவசரமாகத் திரும்பி அவளுடைய வாயைப் பார்த்தார்.

"'அண்ணி, மணியை எடுத்துக் குடுங்க. இப்பவே.'"

பீரோ திறந்தது. மணி வந்தது. மைக் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, கணவனின் பக்கம் நடந்தாள். அவனுக்கும் மாமனாருக்கும் நடுவில், இருவருக்கும் முகம் தெரிகிற மாதிரி நின்றாள்.

"'நீங்க நேத்து என் போன்ல என்ன பேசுனீங்க?'" என்றார் மாமனார்.

பெற்ற மகனை 'நீங்க' என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டு வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "உன் நல்லதுக்குத்தான்... நீ கஷ்டப்படுறதைப் பாத்துட்டு... கொஞ்ச நாள் நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு..."

"'எனக்கு ரெஸ்ட் வேணும்னு டாக்டர் சொன்னாரு. என் தொண்டைக்குச் சொன்னாரு. என் வேலைக்குச் சொல்லலை. வெந்நீர் குடுத்தீங்க, துண்டு நனைச்சுப் போட்டீங்க. சந்தோஷம். அதுக்குக் கூலியா என் வாயையும் எடுத்துக்கிட்டீங்களா?'" மாமனாருக்கு மூச்சு வாங்கியது. அவள் உதடு நிற்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. "'எனக்கு இஷ்டம் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா? என்னைக் கேட்டீங்களா? நான் தலையாட்டியிருப்பேனே. இல்லைன்னு ஆட்டியிருப்பேனே. உள்ள பத்தடி தூரத்துலதானே படுத்திருந்தேன்!'"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யாரும் அதை மூடச் சொல்லவில்லை.

"நான் இப்பவே அவருக்குப் போன் பண்ணி மாத்திச் சொல்லிடுறேன்" என்று மெக்கானிக் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

மைக் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"'வேணாம். இனிமே எனக்காக நீங்க பேசாதீங்க'" என்றார் மாமனார். "'நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நான் தனியாப் போயிக்கிறேன். பேசலாம்னு அவரு சொன்னா, முதல் வார்த்தை யார்கிட்டப் பேசணும்னு முடிவு பண்ணிட்டேன். அது நீங்க இல்லை.'"

மெக்கானிக்கின் கை சட்டைப்பையிலேயே நின்றது. "அப்ப யார்கிட்ட?" என்றான். அவளிடம் கேட்கத் தைரியமில்லாமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

மாமனார் நாற்காலியில் முன்னால் சரிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு மருமகளின் முகத்தையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியலைடா. வாயை மூடிட்டா."